இரத்த ரிப்போட்டின் மூன்று வரிகள்

ஒஸ்லோவில் எனக்கு இரத்தம் எடுக்கும் தாதிக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். சென்ற மாதம் படிவத்தைப் பார்த்தபடி, "ஹெப்படைட்டிஸ் பி இருந்ததா?" என்று கேட்டாள். "வந்தது, போய்விட்டது" என்று எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் சொன்னேன். "யார் வந்தது?" என்றாள். விளக்கியதும் சிரித்துவிட்டு ஊசியைக் குத்தினாள். அவ்வளவுதான். இதே செய்திக்காகக் கொழும்பில், வெள்ளவத்தையில் நான்கு நாட்கள் நான் தனிக் கோப்பையில் தேநீர் குடித்திருக்கிறேன்.

அது போர்க்காலம். வன்னியிலிருந்து வந்து, எனக்குப் பேசியிருந்த நொர்வே மாப்பிள்ளையிடம் போக விசாவுக்குக் காத்திருந்தேன். லொட்ஜில் வசந்தியக்காவும் நானும் ஒரே அறை. அவர் லண்டனில் இருந்த அண்ணனிடம் போகக் காத்திருந்தார். ஒரே தட்டில் புட்டைக் குழைத்துச் சாப்பிடுவோம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்காக எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போட் முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. லொட்ஜ் மனேஜர்தான் வாசித்தார்.

"ரெண்டு பொசிட்டிவ் இருக்கு, தங்கச்சி. ஒண்டெண்டாலும் பரவாயில்லை."

அன்று மாலையே வசந்தியக்கா என் கோப்பையை ஜன்னலோரம் தனியாக வைத்தார். "கோவிக்காதை பிள்ளை. எனக்கும் பயம் இருக்குத்தானே." நான் கோபிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தக் கலியாணம் வேண்டாம், வேறு இடம் பாருங்கள் என்று. முத்திரை ஒட்ட மட்டும் மனம் வரவில்லை.

நான்காம் நாள் கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு முஸ்லிம் டொக்டரிடம் புறப்பட்டேன். வழியில் சோதனைச் சாவடி. "ரிப்போட் எக?" என்று சிப்பாய் கையை நீட்டினான். அவன் கேட்டது, கொழும்பில் தங்கும் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் தாளை. பதற்றத்தில் நான் இரத்த ரிப்போட்டைக் கொடுத்துவிட்டேன். "லே ரிப்போட்" என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இரத்தம் என்றதும் அவன் ஓரத்தைப் பிடித்துத் திருப்பித் தந்து, "யன்ன, யன்ன" என்று போகச் சொன்னான். பொலிஸ் பதிவைக் கேட்கவேயில்லை.

டொக்டர் வயதானவர். தாளை மேசையில் விரித்து, பேனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"மொதல் வரிய பாருங்க மகள். கிருமி இப்ப ஒடம்புல இரிக்கா? நெகட்டிவ், இல்ல. ரெண்டாவது, அத எதிர்க்கிற சக்தி இரிக்கா? பொசிட்டிவ், இரிக்கு. அது நல்லது. மூணாவது, எப்பவாச்சும் கிருமி உள்ள வந்திச்சா? வந்திரிக்கு. முந்தி செங்கமாரி கிடந்தீங்களா?"

இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்த மாதம் நினைவுக்கு வந்தது. கண் மஞ்சளாகி, கீழ்க்காய்நெல்லிச் சாறு குடித்தபடி கிடந்தேன். "ஓம், டொக்டர்."

"அதுதான். வந்து, சுகமாகிப் போயிட்டு. ஊசி போட்ட ஆளெண்டா ரெண்டாவது மட்டும்தான் பொசிட்டிவா வரும். ஒங்களால ஆருக்கும் தொத்தாது. கலியாணம் முடிக்கலாம்."

வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன். கடிதத்தை அங்கேயே கிழித்தேன்.

அறைக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னபோது வசந்தியக்கா தலை நிமிரவில்லை. பயத்தில் தானும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தார். அவருடைய தாளில் முதல் வரியே பொசிட்டிவ். "உன்னட்ட இருந்தோ?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த நாள் அவரையும் அதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்னிடமிருந்து வந்ததல்ல, பிறந்தபோதேகூட வந்திருக்கலாம் என்றார் டொக்டர். ஆறு மாதம் கழித்தும் அந்த வரி மாறாவிட்டால் ஈரலைக் காலமெல்லாம் கவனிக்க வேண்டும். ஒன்றாகச் சாப்பிடுவதால் தொற்றாது என்றும் சொன்னார்.

அன்றிரவு வசந்தியக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து அதே தட்டில் கை வைத்தேன். "உனக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார். பிறகு இருவரும் சாப்பிட்டோம்.

எனக்கு விசா வந்தது. அவருக்கு மூன்று முறை மறுத்தார்கள். கொட்டாஞ்சேனையிலேயே அறை எடுத்துத் தையல் வேலைக்குப் போனார். ஆறு மாதத்திலும் அந்த வரி மாறவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் ரிப்போட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். இங்கே பக்கத்து வீட்டுக்காரியின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது; வசந்தியக்காவின் ஈரல் எப்படி இருக்கிறது என்று தெரியும்.

நேற்றுக் காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்று, அவர் அனுப்பிய கடைசி ரிப்போட்டைப் போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப ஈரல் பழுதில்லையோ?" என்றார். "இல்லையக்கா." கொழும்பில் அவர் நின்ற தெருவில் ஒரு கொண்டக்டர் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டு போனான். அந்தக் குரல் தேயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். என் முன்னால் கதவைத் திறந்து நின்ற பஸ், என்னை ஏற்றாமலே போய்விட்டது.