கத்திரிப்பூக் கல்

அரிமளத்துக்குத் தெற்கே ஒரு செம்பொட்டல் கிடக்கிறது. கருகிய பாறை, இரும்புக் கசடு மாதிரி சரளை, நடுநடுவே பிழைத்துக் கிடக்கிற காரைச் செடி. புதிதாக வருகிறவர்கள் ஏதோ ஒரு காலத்தில் இங்கே எரிமலை வெடித்திருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. எரிமலைக்குக்கூட இந்தப் பக்கம் வர மனசு வரவில்லை. எல்லாம் வெயிலின் வேலை.

இந்தப் பொட்டலில் விளைந்த ஒரே பொருள் கல். சிவப்பு, மஞ்சள், பால்வெள்ளை, சில இடங்களில் கல்லீரல் நிறம். இந்த விளைச்சலை அறுவடை செய்ய ஊருக்கே ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அவர் வளையல் வியாபாரி ஆண்டிச்சாமி.

வளையல்காரருக்குக் கல்லோடு என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயம். அவர் மனைவி பிச்சையம்மாள் அதைத் தினமும் கேட்டாள். ஆண்டிச்சாமி யோசித்துப் பார்த்ததில் குற்றம் மலாரத்தின் மேல்தான் விழுந்தது. கயிற்றில் கோத்த வளையல் மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறவனுக்குத் தலை தானாகக் குனிந்துவிடும். குனிந்த தலைக்குத் தரைதான் தெரியும். தரையில் கல் இருந்தால் அவர் என்ன செய்வார்? எடுத்து எச்சில் தொட்டுத் துடைப்பார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், மடியில் கட்டிக்கொள்வார். மழை பெய்த மறுநாள் அவருக்கு வியாபாரமே கிடையாது. மண் கரைந்து கல்லெல்லாம் முகம் கழுவிக்கொண்டு காத்திருக்கும்போது யார் வளையல் விற்கப் போவார்கள்?

ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் புயல் ஊர்க் கூரைகளைப் பறித்துக்கொண்டு போனது. ஆண்டிச்சாமியின் கூரையும் போனது. மனிதர் கூரையைத் தேடிப் புறப்பட்டு, கல்லோடு திரும்பினார்.

அது மற்றக் கல் மாதிரி இல்லை. நெல்லிக்காய் அளவு. நிழலில் வைத்தால் கறுப்பு. வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஒரு கத்திரிப்பூ பூத்தது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் ஆண்டிச்சாமி கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்து, மகள் அமராவதியைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். “எம்புட்டு அழகா இருக்குப்பா!” என்றாள் அவள். அந்தக் கல்லைப் பற்றி இந்த உலகத்தில் சொல்லப்பட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஆண்டிச்சாமி அதை அரிமளத்தில் நகைப் பட்டறை வைத்திருந்த ரத்தினவேல் பத்தரிடம் கொண்டுபோனார். பத்தர் கல்லை உருட்டினார், தங்கம் உரசும் கல்லில் ஒரு தடவை உரசினார், நாக்கால்கூடத் தொட்டுப் பார்த்தார். தெரியாது என்ற சொல் அந்தப் பட்டறையில் புழக்கத்தில் இல்லை.

“நீலமா இருந்தாலும் இருக்கும்.”

“நீலம்னா நீலமாவுல்ல இருக்கணும் பத்தரே? இது கத்திரிப்பூக் கணக்கா இருக்கே.”

“அதுக்குத்தான்யா, இருந்தாலும் இருக்கும்னேன். நீலத்த ஒரசிப் பாத்துச் சொல்ல முடியாது. வச்சுப் பாத்துத்தான் சொல்லணும்.”

இந்த வச்சுப் பார்க்கிற விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீலக்கல்லை வாங்குகிறவர்கள் முதலில் மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். நல்லது நடந்தால் ராசியான நீலம். கெட்டது நடந்தால் அதைவிட அசலான நீலம், உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றுமே நடக்காவிட்டால்தான் அது வெறும் கல். ஆனால் மூன்று நாள் ஒன்றுமே நடக்காத வீடு எந்த ஊரில் இருக்கிறது?

முதலில் வச்சுப் பார்த்தவர் திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டு மீனாள் ஆச்சி. வளையல் போடும்போது கல்லைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டார். இரண்டு ராத்திரி நிம்மதியாகப் போயின. மூன்றாம் நாள் காலையில், பினாங்கில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் வாசலில் வண்டியை விட்டு இறங்கினார். கடையை மூடியாகிவிட்டது, இனி ஊரோடுதான் என்றார்.

ஆச்சி கல்லைத் துணியில் சுற்றி நீட்டினார். “எடுத்துக்கிட்டுப் போயிரு ஆண்டிச்சாமி. மூணு வருசத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போற மனுசரு. இனிமே மூணு வேளையும் இங்கதானாம்.”

அடுத்தவர் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நின்ற நாகராசு. ராசி பார்க்கிறேன் என்று கல்லை இடுப்பில் முடிந்துகொண்டு ஓட்டுக் கேட்டார். எண்ணிப் பார்த்தபோது அவர் வீட்டு ஓட்டே அவருக்கு முழுசாக விழவில்லை. சொந்த வீட்டை விசாரிப்பதைவிடக் கல்லை விசாரிப்பது சுலபம். பஸ் நிற்கிற இடத்தில் நின்று சத்தம் போட்டார்: “ஜெயிச்ச தேர்தலுய்யா! வளையக்காரன் கல்லு கவுத்துப்புடுச்சு!”

அன்றிலிருந்து கல்லுக்கு வேலை கூடிவிட்டது. மாடு பால் மறந்தால் கல், பால் திரிந்தால் கல், புதுக்கோட்டை பஸ் பஞ்சரானால் அதுவும் கல். ஆண்டிச்சாமி தெருவில் நுழைந்தால், முன்பெல்லாம் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்த பெண்கள் இப்போது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

“அது வெறும் கல்லு தாயி,” என்று அவர் கெஞ்சினார்.

“வெறும் கல்லுன்னா தூக்கிப் போட்டுற வேண்டியதுதானே அண்ணே?”

நியாயமான கேள்வி. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, எடுத்த பொட்டலிலேயே அதைக் கொண்டுபோய்ப் போட்டார். மறுநாள் ஆடு மேய்க்கிற காத்தாயி அதைச் சாக்குத் துணியில் சுற்றி, தொரட்டிக் கம்பு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். “எங்க ஆடு மேயிற எடந்தானா ஒங்களுக்குக் கெடச்சுது? பிடிங்க ஒங்க சாமான!” ஊருணிப் பக்கம் போனார். குடிதண்ணீர் எடுக்கிறவர்கள் குடத்தை வைத்துவிட்டுக் கம்பை எடுத்தார்கள். கோயில் உண்டியலில் போட்டார். அந்தச் சாமிக்கு ஏற்கனவே வழக்கு நடக்கிறது, இதுவும் வேண்டாம் என்று தர்மகர்த்தா ஆளனுப்பித் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் வளையல் பெட்டி ஒன்றில் வைத்து கூரை இறவாரத்தில் செருகினார். யாரும் இல்லாத பகல் வேளையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பூ பூக்கும். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு செருகிவிடுவார்.

இதற்குள் அமராவதிக்குக் கல்யாணம் ஆகி, ஏழாம் மாதம் வந்தது.

வளைகாப்பு என்றால் அந்த வட்டாரத்தில் ஆண்டிச்சாமிதான். வயிற்றுப் பிள்ளை வளையல் சத்தத்தைக் கேட்கும் என்பார்கள். அப்படியானால் அங்கே பிறந்தவர்களில் பாதிப் பேர் முதன்முதலில் கேட்டது ஆண்டிச்சாமி வளையலின் சத்தத்தைத்தான். மகளுக்கென்று பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை அவள் கல்யாணத்தன்றே ஒதுக்கி வைத்துவிட்டார். சம்பந்தியம்மாள் சின்னப்பிள்ளை ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: வளைகாப்பு எங்கள் வீட்டில்தான், சம்பந்தி அவசியம் வர வேண்டும், சாப்பிட வேண்டும். வளையல் மட்டும் கொண்டுவர வேண்டாம். திருக்கோகர்ணத்துக் கடையில் சொல்லியாகிவிட்டது. பெண் பிள்ளைத்தாய்ச்சி, சம்பந்தி அவள் பக்கத்தில் போகாமல் வெளியில் உட்கார்ந்தால் போதும்.

ஆண்டிச்சாமி ஒதுக்கி வைத்த வளையல்களை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“கல்லா மகளான்னு கேட்டா ஒண்ணையாச்சும் சொல்லலாம்,” என்றாள் பிச்சையம்மாள். “கல்லையும் கொஞ்ச முடியல, மக கையையும் பிடிக்க முடியல. என்ன பொழப்புங்க இது?”

ஆண்டிச்சாமி வளையல்களைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கினார்.

வளைகாப்புக்கு முந்தின வாரம், நல்ல உச்சி வெயிலில் சின்னப்பிள்ளையே வண்டி கட்டிக்கொண்டு தனியாக வந்து இறங்கினாள். தண்ணீர் குடித்தாள். பிச்சையம்மாள் அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

“சம்பந்தி, அந்தக் கல்லு இன்னும் இருக்கா?”

“இருக்குங்க. போட எடந்தான் இல்ல.”

“எங் கொழுந்தன் புதுசா வீடு கட்டி, சாக்கடைய எங்க வாசலப் பாத்துத் திருப்பி விட்டுருக்கான். கேட்டா சட்டம் பேசுறான். கல்ல எங்கிட்டக் குடுங்க. அவன் எருக்குழிக்குள்ள போட்டுட்டுப் போறேன்.”

கத்திரிப்பூவை எருக்குழியிலா? அந்தப் பதற்றத்தில் ஆண்டிச்சாமியின் வாயில் உண்மை வந்துவிட்டது. “அது வெறும் கல்லுங்க சம்பந்தி. ஒண்ணும் செய்யாது.”

சின்னப்பிள்ளையின் முகம் விழுந்தது. “ஒண்ணும் செய்யாதா? அதுக்கா இந்த வெயில்ல வந்தேன்?” என்று எழுந்தாள்.

ஆண்டிச்சாமி பல வருஷம் ஊரைச் சுற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தை, நம்புவதற்கு முதன்முதலாக ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள். அந்த ஆளை அவரால் நம்ப விட முடியவில்லை; கல் இங்கேயே தங்கிவிட்டால் மகள் கையைப் பிடிக்க முடியாது.

“இருங்க, இருங்க. செய்யும்.”

“இப்பத்தானே செய்யாதுன்னீங்க?”

“சும்மா சொன்னேன். பொல்லாத கல்லு அது. நாகராச என்ன பாடு படுத்துச்சு, பாத்தீங்கள்ல?”

“அப்ப சத்தியம் பண்ணுங்க. நாலு பேரு என்னையக் கேட்டா, வளையக்காரரே சொன்னாருன்னு சொல்லுவேன்.”

“பண்றேன். ஆனா எம் மகளுக்கு வளையல் நாந்தான் போடுவேன்.”

சின்னப்பிள்ளை கணக்குப் போட்டாள். “கல்லு அவன் குழிக்குப் போயிருச்சுன்னா நீங்க சுத்தந்தானே. தாராளமாப் போடுங்க.”

ஆண்டிச்சாமி மலாரத்தின் மேல் கை வைத்து, அந்தக் கல் குடியைக் கெடுக்கும் என்று சத்தியம் செய்தார். இறவாரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது ஒரு தடவை வெயிலில் பிடித்துப் பார்க்கலாமா என்று நினைத்தார். சம்பந்தியம்மாள் முந்தானையை விரித்துக்கொண்டு அவசரமாக நின்றாள். கொடுத்துவிட்டார்.

வளைகாப்பன்று மனையில் உட்கார்ந்திருந்த அமராவதியின் கையை ஆண்டிச்சாமி பிடித்தார். ஏழாம் மாதத்துக் கை, லேசாக வீங்கி இருந்தது. சந்தனத்தைத் தடவி, விரல் முட்டிகளைக் கூட்டிப் பிடித்து, பச்சையை ஒன்று ஏற்றினார், சிவப்பை ஒன்று ஏற்றினார். கூடியிருந்த பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஒரு வளையல்கூட உடையவில்லை.

“பாத்தீங்களா,” என்று சின்னப்பிள்ளை பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள், “கல்லு கைய விட்டுப் போனதும் எம்புட்டுச் சுளுவா ஏறுது! அது பொல்லாததுன்னு அவரே சத்தியம் பண்ணிட்டாரு, தெரியும்ல?”

அது அடுத்தவளுக்குப் போனது, அங்கிருந்து வாசலுக்குப் போனது, சாயங்காலத்துக்குள் அரிமளத்துக்கே போய்விடும் என்று ஆண்டிச்சாமிக்குத் தெரியும். இனி எந்தத் தெருவில் போய், எந்த வாயால், வெறும் கல் என்று சொல்வது?

அமராவதி தலையைக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அப்பா, அது அழகான கல்லுதானேப்பா?”

“கைய எளக்கமா வச்சுக்க ஆத்தா,” என்றார் ஆண்டிச்சாமி. “இன்னும் ரெண்டு இருக்கு.”

சாப்பிட்டுவிட்டுப் பொட்டல் வழியாகத் திரும்பினார். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. மலாரம் தோளில் கனத்தது. அவர் கழுத்தை நிமிர்த்தி, பிடிவாதமாக வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஏதோ ஒன்றில் கால் இடறி, பெருவிரல் நகம் பெயர்ந்தது. நின்றார். குனிய வேண்டும், இரத்தத்தைத் துடைக்கவாவது குனிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குனிந்து துடைத்தார்.