மிளகுக்காரரின் கை

மாத்தளையில் மிளகு வாங்கும் மக்கீனுக்குக் கை பார்க்காமல் வாய் பேசாது. யட்டவத்தைத் தோட்டங்களிலிருந்து சாக்கு வந்து இறங்கினால் முதலில் கைதான் உள்ளே போகும். அள்ளி, உருட்டி, நசுக்கி, முகர்ந்து பார்த்த பிறகே விலை. முப்பது வருடப் பழக்கம் சதுரங்கப் பலகைக்கு முன்னால் மட்டும் சும்மா இருக்குமா? அங்கேயோ தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது சட்டம். அந்தக் கையாலேயே மனிதர் எத்தனையோ ஆட்டங்களைக் கோட்டைவிட்டார். அதெல்லாம் போகட்டும், வெறும் தோல்விதானே. போன வருடம் நடந்ததுதான் பாவம்.

மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். வென்றவர் மாத்தளைக்காகக் கண்டியில் ஆடலாம். எதிரே, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தர் ஆரூரன். மக்கீனின் விரல்கள் ராணியைத் தூக்கின, திரும்ப வைத்தன, குதிரையை எடுத்தன.

“நானா, ராணியில கை வைச்சிட்டியள்,” என்று அண்ணன் முறை சொல்லியே சுட்டிக்காட்டினார் ஆரூரன்.

நடுவர் பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கடைத்தெரு ஆட்கள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். மக்கீனுக்கு மானம் பெரிதாகிவிட்டது.

“வல்லாஹி, தொடல்ல!”

அல்லாஹ்வின் பெயரால் சத்தியம்! ஆரூரன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சத்தியம் பண்ணிட்டியள். பிறகென்ன, ஆடுங்கோ.”

மக்கீன் வென்றார். கண்டிக்குப் போய் எல்லா ஆட்டத்தையும் தோற்றுவிட்டு வந்தார். பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்தார். மனைவி ஜுனைதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அல்லாஹ்வுக்காகச் சோறு குடுத்தீங்க. தௌபா செஞ்சு பாவமன்னிப்பும் கேட்டீங்க. அந்த மனிசன்கிட்ட என்ன சொன்னீங்க?”

ஆரூரன் வேலை செய்யும் கந்தோர் வாசல் வரை நான்கு தடவை போனார். நான்கு தடவையும் திரும்பி வந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மக்கீனுக்கு எரியவே செய்தது.

இந்த வருடமும் கடைசி ஆட்டத்தில் அதே இருவர். ஆரூரனுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்திருந்தது. மாத்தளைக்காக ஆட இதுவே கடைசி வாய்ப்பு. மக்கீனுக்கோ இம்முறை நேர்மையாக வென்றுவிட்டால் பழைய பொய் கழுவப்பட்டுவிடும் என்று ஒரு நப்பாசை. ஆட்டமும் அவர் பக்கமே சாய்ந்தது. குதிரையை நகர்த்தினால் போதும், வெற்றி. ஆரூரன் தன் காயை நகர்த்தி, மணிக்கூட்டைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனார். யோசனையில் இருந்த மக்கீன் குனிந்து பார்த்தார். ராணி கையில் இருந்தது.

யா அல்லாஹ்! கேடுகெட்ட கை! ஒருவரும் காணவில்லை. திரும்ப வைத்துவிட்டால் ஆயிற்று. ராணி நகர்ந்தால் ராஜாவுக்குக் காவலே இல்லை. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. மக்கீன் ராணியையே நகர்த்தினார்.

திரும்பி வந்த ஆரூரன் திகைத்தார். “ஏன் நானா, குதிரை இருந்ததே?”

மக்கீன் பலகையைச் சுட்டி ஆடச் சொன்னார். பத்து நகர்த்தலில் தோற்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

“ராணியில கை பட்டிச்சு. போன வருசமும் பட்டிச்சு. பொய்ச் சத்தியம் செஞ்சேன். மன்னிச்சிடுங்க.”

ஆரூரன் மணிக்கூட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“போன வருசம் அந்த ஆட்டம் முடிஞ்ச அடுத்த கிழமையே நான் கண் டொக்டரிட்டப் போனனான், நானா. கண்ணில ஒரு பிழையும் இல்லையெண்டார். பிறகும் உங்கட சத்தியத்தைத்தான் நம்பினனான்.”

ஆட்டம் முடிந்ததும் கை கொடுப்பது முறை. மக்கீனுக்குக் கையை நீட்ட வெட்கமாக இருந்தது.