பத்தொன்பது அரசர்கள், நான்கு வாகனங்கள்: யூனியன்வில் முதல் பார்க்டேல் வரை

கார் ஓடத் தெரியாத பெண்ணொருத்தியின் வலைப்பதிவு இது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று முறை றோட் ரெஸ்ற் கொடுத்து மூன்று முறையும் தோற்றேன். அதன் பிறகு பஸ், சப்வே ரயில், தெருவிலே ஓடும் ஸ்றீற்கார் ரயில் என்று ஏறி இறங்கி, போன வழியையும் ஆன செலவையும் இங்கே எழுதிவருகிறேன். ஐந்து மாதமாக எதுவும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டு எழுதியவர்களுக்குப் பதிலும் போடவில்லை. காரணம் உங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்ததுதான்.

எங்கள் ஊர் மானிப்பாய். என் தம்பி ஞானராஜ் வன்னியில் ஆசிரியர். ஆறு வருடமாக அவன் குரலை நான் கேட்டதில்லை. கடைசியாகக் கடிதம் வந்தது போன ஆண்டு ஆவணியில். போர் முடிந்தது என்று செய்தி வந்த பிறகும் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. பார்க்டேலில் ரட்ணம் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய மனைவியின் பெறாமகள், வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருக்கும் முகாமில் இருந்து யாரிடமோ போன் இரவல் வாங்கி, சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு எடுப்பாள். நம் நேரம் பகல் பதினொரு மணி, அங்கே இரவு எட்டரை. இங்கே தேடுகிறவர்களின் உறவுகளைக் கூட்டிவந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் கதைக்கவிடுவாள். போன கிழமை அவள், "மானிப்பாய் ஞானராஜ் எண்டு ஒரு வாத்தியார், அக்கா கனடாவிலை" என்று சொல்லியிருக்கிறாள். ரட்ணம் அண்ணை பத்துப் பேரிடம் விசாரித்து என்னைக் கண்டுபிடித்தார்.

"அழைப்பை உங்கடை வீட்டுக்கு மாத்திவிட ஏலாது தங்கச்சி. போன முறை ஒராளுக்கு அப்பிடிச் செய்யப்போய் லைன் அறுந்துபோச்சு. நீங்கள் நேரிலை வாங்கோ. பதினொண்டுக்கு முதல் வாங்கோ" என்றார். கணவருக்குச் சனிக்கிழமையும் வேலை. கார் அவரோடு போய்விடும். அதனால்தான் ஜூன் மாத முதல் சனிக்கிழமை இந்தப் பயணம். தூரம் ஏறக்குறைய 35 கிலோமீற்றர்.

வீட்டிலிருந்து 8.10க்கு இறங்கினேன். ஹைவே 7 இல் 8.24க்கு பஸ், கட்டணம் மூன்று டொலர். சில்லறை சரியாக இருக்கவேண்டும், மிச்சம் தரமாட்டார்கள். காசு போட்டதும் தரும் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த பஸ்ஸுக்கும் அதுதான். நான் அதைப் பைபிளுக்குள் வைத்தேன். பைபிள் எதற்கு என்றால், பத்து நாட்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

அப்போதும் வேறொருவர் மூலம் ஒரு அழைப்பு வந்தது. "அக்கா" என்றது ஒரு குரல். "ஞானராஜோ?" என்று நான் கத்தினேன். "ஓம் அக்கா" என்றான். இருவரும் அழுதோம். மானிப்பாயா என்றேன், ஓம் என்றான். வாத்தியார் வேலைதானே என்றேன், அதற்கும் ஓம் என்றான், அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. ஒன்றரை நிமிடம் போன பிறகு, "அம்மா சுகமோ அக்கா?" என்று கேட்டான். எங்கள் அம்மா காலமாகிப் பதினொரு வருடம். அவன் வேறொரு ஞானராஜ். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ரை அக்காவின்ரை பேர் புஸ்பம், ஸ்காபரோவிலை இருக்கிறா. கண்டால் சொல்லிவிடுங்கோ" என்றான். இரண்டு நாள் தேடி அந்தப் புஸ்பத்தைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் போனிலேயே வாய்விட்டு அழுதார். எனக்குச் சந்தோஷம்தான், பொறாமையும் இருந்தது. பொய் சொல்லி என்ன?

என் பிழை என்னவென்று யோசித்தேன். கேள்வியையும் நானே கேட்டு விடையையும் நானே ஊட்டியிருக்கிறேன். ஆசை வந்தால் காது எதையும் நம்பும். இந்த முறை, என் தம்பியைத் தவிர யாராலும் சொல்லமுடியாத ஒன்றைக் கேட்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். அதற்குத்தான் அரசர்கள்.

8.50க்கு றிச்மண்ட் ஹில் பஸ் நிலையம். இங்கே இறங்கி பிஞ்ச் போகும் பஸ்ஸுக்கு மாறவேண்டும். சனிக்கிழமைகளில் இந்தத் தரிப்பில் சேலைகளையும் அர்ச்சனைத் தட்டுகளையும் காணலாம், பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள். ஓர் அன்ரி என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"கோயிலுக்கோ பிள்ளை?"

"இல்லை அன்ரி, பார்க்டேலுக்கு. நான் வேதக்காரி." பிறகு ஏன் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பையைத் திறந்து பேனாவும் துண்டும் எடுத்தார்.

"தம்பியின்ரை பேர், நட்சத்திரம் சொல்லும். ஒரு அர்ச்சனை செய்துவிடுறன்."

"நட்சத்திரம் எங்களுக்குத் தெரியாது அன்ரி."

"தெரியாட்டிப் பரவாயில்லை, சுவாமி பேரிலை செய்யலாம். அவருக்குத் தெரியாதே ஆரெண்டு?"

எழுதிக்கொண்டு அவர் தன் பஸ்ஸில் ஏறிப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

9.02க்கு பஸ், 9.24க்கு பிஞ்ச். இங்கிருந்து நகரத்தின் சப்வே. வேறு கட்டணம், 2 டொலர் 75 சதம். உள்ளே போனதும் சிவப்பு இயந்திரத்தில் மாறுதல் துண்டு எடுங்கள், ஸ்றீற்காருக்கு அது வேண்டும். சனி காலையில் இருக்கை தாராளமாகக் கிடைக்கும். நான் யன்னலோரம் இருந்து பைபிளில் இராஜாக்கள் புத்தகத்தை விரித்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சாலொமோன் அரசன் இறந்ததும் அவன் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. அதற்குப் பிறகு இரண்டு வரிசையாக அரசர்கள். நானும் தம்பியும் ஞாயிறு பாடசாலைப் பரீட்சைக்காக அவர்களைப் பங்குபோட்டுப் பாடமாக்கினோம். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. மூத்தவள் என்பதால் சுலபமான தெற்கை நான் எடுத்துக்கொண்டேன். தெற்கில் தாவீதின் குடும்பம்தான், தகப்பனுக்குப் பிறகு மகன் என்று ஓரளவு ஒழுங்காகப் போகும். ரெகொபெயாம், அபியாம், ஆசா, யோசபாத். நடுவில் அத்தாலியாள் என்று ஒரு ராணி வேறு. யெரொபெயாமில் தொடங்கும் வடக்கு அப்படியல்ல. இன்றைக்கு ராசாவின் தேரோட்டிகளுக்குத் தலைவன், நாளைக்கு அவனே ராசா. பத்தொன்பது பேரில் ஏழு பேர் வெட்டுப்பட்டுப் போனவர்கள். அதை அவன் தலையில் கட்டிவிட்டேன்.

அவனும் கெட்டிக்காரன்தான், தடுமாறாமல் சொல்லுவான். ஓரிடத்தில் மட்டும் முரண்டு. வடக்கின் நாலாவது அரசன் ஏலாவைக் கொன்று சிம்ரி அரசனானான். ஏழே நாள். உம்ரியின் படை சூழ்ந்துகொண்டதும் அரண்மனைக்குத் தீ வைத்து அதற்குள்ளேயே செத்துப்போனான். என் தம்பி அவனைச் சொல்லமாட்டான். ஏலாவிலிருந்து நேரே உம்ரிக்குப் பாய்வான். பரீட்சையில் போதகர், "இடையில் ஒருவர் உண்டே, தம்பி?" என்று எடுத்துக்கொடுத்தார். இவன் கைகட்டி நின்றுகொண்டு, "ஏழு நாள் இருந்தவனெல்லாம் ராசாவோ ஐயா?" என்றான். போதகர் சிரித்தார், ஆனால் புள்ளியை வெட்டினார். முதற்பரிசான கொம்பாஸ் பெட்டி வேறு வீட்டுக்குப் போனது. அந்தக் கொம்பாஸ் பெட்டிக்காக நான் அவனைக் கடிதங்களில்கூடத் திட்டியிருக்கிறேன்.

இதை யோசித்துக்கொண்டு இருந்தேனா, இறங்கவேண்டிய குயின் நிலையத்தை விட்டுவிட்டேன்! பஸ் வலைப்பதிவு எழுதுகிற பெரிய மனுசி. கதவு மூடும்போதுதான் கண்டேன். அடுத்த நிலையமான கிங்கில் 10.03க்குப் பதறிப்போய் மேலே ஓடினேன். அங்கேயும் மேற்கே போகும் ஸ்றீற்கார் உண்டு என்று தெரியும், எங்கே போகும் என்று சரியாகத் தெரியாது. சாரதியிடம் ரட்ணம் அண்ணை இருக்கும் ஜேம்சன் அவெனியூ போகுமா என்று கேட்டேன். குயினில் ஏறியிருந்தால் நீ இன்னும் கொஞ்சம் நடக்கவேண்டி வந்திருக்கும், இதுதான் நேரே போகும் என்றார். என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், யாராவது ஆஸ்பத்திரியிலா என்றும் கேட்டார். இல்லை, பதினொரு மணிக்கு ஒரு போன் என்றேன். அவர் மணியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஜேம்சன் வந்ததும் திரும்பிப் பார்த்து, பதினொன்றுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது, ஓடாமல் போ என்று சொன்னார்.

ஓடித்தான் போனேன். ஆறு நிமிடம். எங்கள் ஆட்கள் கனடாவுக்கு வந்த புதிதில் நிறைந்திருந்த கட்டடங்கள் இவை. ரட்ணம் அண்ணை மட்டும் இன்னும் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஏழு பேர், மேசையில் ஒரு போன், பக்கத்தில் இரண்டு நிமிடத்தில் மணி அடிக்கும் சமையலறை மணிக்கூடு. ஆளுக்கொரு நம்பர் எழுதிய தாள் அண்ணையின் கையில். நான் நாலாம் நம்பர்.

"பேரைக் கேட்டுக்கொண்டு நிக்காமல் விசயத்தைக் கதையுங்கோ. மணி அடிச்சால் வையுங்கோ" என்றார். பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரித்தான்.

11.07க்கு போன் அடித்தது. முதல் மூவரும் கதைத்து முடிக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"அக்கா" என்றது குரல். மெலிந்த குரல், பின்னால் ஒரே இரைச்சல். யாராகவும் இருக்கலாம். நான் பெயர் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்கவில்லை.

"யெரொபெயாம்" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. இந்தப் பக்கத்தில், "என்ன உவ பைபிள் வாசிக்கிறாவோ?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அண்ணையின் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து விநாடி இருக்கும். பிழையான ஆள் என்று நினைத்துவிட்டேன்.

"நாதாப்" என்றது குரல். "பாஷா. ஏலா." ஒரு மூச்சு. "உம்ரி. ஆகாப்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். என்றாலும் பாழாய்ப்போன வாய் விடவில்லை. "சிம்ரி எங்கை?" என்று கேட்டேன்.

"ஏழு நாள் இருந்தவனெல்லாம் ராசாவோ அக்கா?"

அதற்குப் பிறகு நான் சத்தம் போட்டு அழுதேன், சிரித்தேன். அவன்தான் பேசினான். "கை கால் முழுசா இருக்கு. காய்ச்சல் வந்து விட்டிட்டுது. இஞ்சை பெடியளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன். ஒரு கண்ணாடி மட்டும் வேணும், பழசு உடைஞ்சுபோச்சு." கண்ணாடியின் நம்பரைச் சொன்னான், பைபிளின் பின் அட்டையில் எழுதினேன். மணி அடித்தது. வைக்க மனமில்லாமல் வைத்தேன். ரட்ணம் அண்ணையின் மனைவி தேத்தண்ணி தந்தார். ஐந்தாம் நம்பர் ஆளுக்கும் நல்ல செய்தி. ஆறாம் நம்பர் அண்ணைக்கு, அந்தப் பெயரில் அங்கே யாருமில்லை என்று பதில் வந்தது. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகும்போது என் தோளில் தட்டி, "நல்லது தங்கச்சி" என்றார். 

வெளியே வந்தால் பயங்கரப் பசி. மாதக்கணக்கில் எனக்குப் பசித்ததில்லை. ஜேம்சன் பக்கம் இப்போது திபெத்தியர் அதிகம். ஒரு கடையில் மோமோ எட்டு, ஆறு டொலர். முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் எட்டுக்குச் சொன்னேன். உறைப்புச் சம்பல் தாராளமாகத் தருவார்கள், கட்டாயம் போங்கள்.

இனி உங்களுக்கு. ஒரு வழிக்கு 5 டொலர் 75 சதம், போய்வர பதினொன்றரை. வாசலில் இருந்து வாசலுக்கு இரண்டரை மணி நேரம், தவறவிடும் நிலையங்களுக்காக அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஜேம்சனுக்கு கிங் ஸ்றீற்காரைப் பிடியுங்கள், குயின் வேண்டாம். உங்களில் யாராவது இன்னும் இப்படி ஓர் அழைப்புக்காகக் காத்திருந்தால் ஒரு வார்த்தை. சரியான விடை வரும் கேள்வியைக் கேட்காதீர்கள், சரியான விடை பலருக்குத் தெரியும். உங்கள் ஆள் எதைப் பிழையாகச் சொல்லுவார் என்று யோசித்துவையுங்கள்.

திரும்பும் வழியில் சப்வேயில் இராஜாக்கள் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்தேன். யூதாவின் தலைநகரம் விழுந்ததோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், பரீட்சைக்கு அதோடு நிறுத்திவிடுவோம். ஆனால் புத்தகம் அங்கே முடியவில்லை. சிறையில் முப்பத்தேழு வருடம் கிடந்த யூதா அரசன் யோயாக்கீனை வெளியே எடுத்து, சிறை உடையை மாற்றி, சாப்பாட்டு மேசையில் இருத்துவதோடுதான் முடிகிறது. தம்பி இன்னும் முகாமில்தான். முப்பத்தேழு வருடமெல்லாம் என்னால் பொறுக்கமுடியாது, திங்கட்கிழமை கண்ணாடி அனுப்ப வழி பார்க்கவேண்டும்.

பிஞ்ச் வரும்வரை அவனுடைய வடக்கு வரிசையை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். யெரொபெயாம், நாதாப், பாஷா, ஏலா, உம்ரி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுப் பேர். இந்தப் பதிவின் தலைப்பில் பத்தொன்பது என்று எழுதியது பரீட்சைக்காக. எங்கள் வீட்டில் இனிமேல் பதினெட்டுத்தான்.