தெய்வநாயகியம்மாள் எடுத்த சீர்

எருமப்பட்டிப் பக்கம் தெய்வநாயகியம்மாளைக் கோபக்காரி என்பார்கள். சொல்கிறவன் வாயில் மண் விழ! அந்த அம்மாளுக்குக் கோபம் வந்ததால்தான் நான் இன்றைக்கும் ஸ்டியரிங் பிடித்துச் சோறு தின்கிறேன்.

நான் காளியப்பன். யுத்தத்தில் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்து வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். நாற்பத்தாறாம் வருஷம் அந்த அம்மாளின் கணவர், நிலபுலக்காரர் சண்முகவேல் பண்ணாடி, பட்டாளம் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை எடுத்துவந்து என்னை டிரைவராக வைத்துக்கொண்டார். அவருடைய தோட்டம் கொல்லிமலை அடிவாரத்தில். போகிற பாதையைப் பாதை என்று சொன்னால் பாவம். மாட்டுவண்டித் தடம், பாறாங்கல், நடுவில் இரண்டு ஓடை. அதில் குலுங்கிக் குலுங்கி நாலே மாதத்தில் முன்சக்கரத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்தன. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது வண்டி துள்ளாமல் பிடித்துக்கொள்கிற குழாய் அது. அது கெட்டால் சக்கரம் தரையில் நிற்காது, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

புது ஜோடி வாங்கச் சேலம் போனோம். அங்கே மோட்டார் சாமான் கடை வைத்திருந்த தண்டாயுதபாணி, தெய்வநாயகியம்மாளின் உடன்பிறந்த அண்ணன். பச்சைப் பெயிண்ட் பளபளக்கும் ஒரு ஜோடியை எடுத்து வைத்து, "சீமைச் சாமானுங்க மாப்பிள்ளை. பத்து வருசத்துக்குக் கவலையே இல்லீங்க" என்றார். ஒரே மாதத்தில் எண்ணெய் ஒழுகிற்று. பத்து வருஷமாம்!

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். பண்ணாடி என்மேல் பாய்ந்தார்.

"மச்சான் கடையில வாங்குனதத் திருப்பிக் குடுக்கறதாடா? பொண்ணெடுத்த ஊட்டுல உக்காந்து சோத்துல கல்லு கெடக்குதுன்னு சொல்ற மாதிரி ஆவாது?"

எங்கள் சனத்துக்கு உயிர் போனாலும் சம்பந்தம் கெடக்கூடாது. கெட்டதைத் தோட்டத்துச் சாளைக் குடிசையில் போட்டுவிட்டு அதே கடையில் இரண்டாவது ஜோடி வாங்கினார். அதுவும் ஒழுகிற்று. மூன்றாவது ஜோடியும் அங்கேதான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஆவணி மாதம் ஒருநாள் தெய்வநாயகியம்மாளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். கட்டைவண்டி வேகம்தான். ஓடைக்கரைக் கல்லில் ஏறி இறங்கும்போது இடதுபக்கத்து ஷாக் அப்சார்பரின் கம்பி பட்டென்று முறிந்தது. தொங்கிய குழாய் சக்கரத்துக்குள் சிக்கியது. நான் எவ்வளவு ஒடித்தும் ஸ்டியரிங் திரும்பவில்லை. ஜீப் சரிந்து ஓடைக்குள் விழுந்தது. அந்த அம்மாளின் இடது கை ஒடிந்துபோயிற்று. ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது, "ஏப்பா, உனக்கு அடி கிடி பட்டுதா?" என்றுதான்.

தங்கையைப் பார்க்கத் தண்டாயுதபாணி வந்தார். வந்தவர் கையைப் பார்த்தாரோ இல்லையோ, என்னைத்தான் பார்த்தார்.

"டிரைவர் ஓட்டுன லட்சணமுங்க மாப்பிள்ளை! பட்டாளத்துல பறந்த நெனப்புல ஓட்டுனா எந்தச் சாமான் தாங்குமுங்க? இவன் லைசென்சைப் புடுங்கச் சொல்லி மனுக் குடுங்க."

"மெதுவாத்தானுங்கண்ணா ஓட்டுனான். நாந்தான் பக்கத்துல உக்காந்திருந்தனே" என்றார் தெய்வநாயகியம்மாள்.

"அடுப்பூதற பொம்பளைக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று அண்ணன் சிரித்தார். பண்ணாடியும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுநாளே மனு எழுதிக் கொடுத்து என்னை வேலையை விட்டு நிறுத்தினார். லைசென்ஸ் போனால் எனக்குக் கிணற்று மண் சுமப்பதைத் தவிர வேறு பிழைப்பில்லை. வீட்டில் என் பெண்சாதி ஆராயி நிறைமாதம்.

நாலாம் நாள் தெய்வநாயகியம்மாள் ஆள் அனுப்பி என்னைக் கொல்லுப்பட்டறைக்கு வரச் சொன்னார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு அங்கே நின்றிருந்தார். சாளையில் கிடந்த நாலும், ஜீப்பிலிருந்து கழற்றிய மூன்றாவது ஜோடியும் அவர் காலடியில் கிடந்தன. "அறுங்க" என்றார் கொல்லரிடம். கைலாச ஆசாரி ரம்பம் வைத்து ஒன்றை அறுத்தார். உள்ளே அதற்குரிய எண்ணெய்க்குப் பதில் கடலையெண்ணெய்க் கசடு! முறிந்த கம்பியில் பெயிண்டைச் சுரண்டினால், முன்பே ஒடிந்ததை ஒட்டுவைத்த தழும்பு. எங்கேயோ குப்பையில் பொறுக்கிய பழைய சாமானுக்குப் பெயிண்ட் அடித்துத் தங்கை வீட்டுக்கே விற்றிருக்கிறான், பாவி. அந்த அம்மாள் மற்றதையும் அறுக்கச் சொன்னார். அப்புறம், "வர்ற வெள்ளிக்கெழம எங்கூட சேலம் வா" என்றார்.

வெள்ளிக்கிழமை தண்டாயுதபாணியின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். உறவுமுறைகள் தட்டெடுத்து வந்தார்கள். பட்டுத்துணி மூடிய பெரிய தாம்பாளத்தைச் சுமந்துகொண்டு நான் தெய்வநாயகியம்மாளுக்குப் பின்னால் போனேன். கழுத்து இற்றுப்போகிற கனம். உடன்பிறந்தவள் சீர் வந்துவிட்டது என்று அவர் அம்மா வள்ளியாத்தாள் பூரித்துப்போய் எழுந்து வந்தார். மேளம் வேறு கொட்டினார்கள்.

தட்டைச் சபை நடுவில் வைக்கச் சொல்லி அந்த அம்மாளே துணியை எடுத்தார். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள். நடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஆறு ஷாக் அப்சார்பர்கள்.

"அண்ணா, உங்க கடைச் சாமானுங்க. ஊட்டுக்காரரு திருப்பிக் குடுக்கக் கூச்சப்பட்டாரு. அதான் சீரா எடுத்தாந்தேன். அறுத்தும் வெச்சிருக்கறேன், எல்லாரும் பாருங்க."

மேளம் நின்றது. சனம் எட்டி எட்டிப் பார்த்தது. தண்டாயுதபாணியின் முகம் செத்துப்போயிற்று.

"பொறந்த ஊட்டு மானத்த வாங்கிட்டியேடி!" என்று கத்தினார்.

"நானுங்களா? பெயிண்ட் அடிச்சு வித்தது நீங்க. என் கை போச்சு, போவட்டும். ஒண்ணுந் தெரியாதவன் பொழப்புல மண்ணப் போடப் பாத்தீங்களே, அதுதானுங்க வயிறெரியுது!" என்றவர், பண்ணாடி பக்கம் திரும்பினார். "மனுவத் திருப்பி வாங்குங்க. வாங்குனாத்தான் ஊட்டுக்கு வாரேன்."

பண்ணாடி தலையைக் குனிந்தார். திங்கட்கிழமை மனுவைத் திருப்பி வாங்கி, என்னையும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

மறு வருஷம் மாசியில் வள்ளியாத்தாள் இறந்துபோனார். தண்டாயுதபாணி சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் நாள், சந்தைக்கு வந்த ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. பெற்ற மகளுக்கு! சீ, அவனெல்லாம் ஒரு மனுஷப் பிறவியா?

நான் அந்த அம்மாள் முன்னால் போய் நின்றேன். "எல்லாம் என்னாலதானுங்களே ஆத்தா" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவர் சீறினார். "உன்னால என்ன? மொத சோடி ஒழுகுனப்பவே எனக்குத் தெரியும், எங்கண்ணன் ஏமாத்தறான்னு. பொறந்த ஊடாச்சேன்னு மூணு தடவ வாய மூடிட்டு இருந்தேன். கை ஒடியற வரைக்கும் இருந்தேன். போ அக்கட்டால."

பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், ஒற்றை ஆளாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கட்டிப்பிடித்து அழ அவர் பிறந்த வீட்டு மனுஷி ஒருத்திகூட அங்கே இல்லை.