கணக்கு வாத்தியார் போன இடம்

பாளையங்கோட்டைப் பள்ளியில் எங்களோடு கணக்கு வாத்தியாராக இருந்தவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி நச்சரித்ததே நாங்கள்தான். வென்றார், கல்வி அமைச்சரும் ஆனார்.

சென்ற மாதம் புதுக் கட்டடம் திறக்க வந்தவர், மாலையைக் கழற்றிவிட்டுத் தன் பழைய வகுப்புக்குள் நுழைந்தார்.

“இப்ப கணக்கு யாரு எடுக்காவ?” என்று கேட்டார்.

“யாருமில்ல அண்ணாச்சி. நீங்க போன எடத்துக்கு ஒங்க துறை இன்னும் ஆள் போடல. தமிழ் எடுக்குத நான்தான் பிள்ளையள சத்தம்போடாம பாத்துக்கிடுதேன்,” என்றேன்.

அவர் சாக்பீஸை எடுத்தார். பாடம் நடக்கப்போகிறதென்று பிள்ளைகள் மளமளவென நோட்டைத் திறந்தார்கள். உதவியாளர் வந்து, ஸ்ரீவைகுண்டத்தில் அடுத்த விழாவுக்கு நேரமாகிறது என்றார். அவர் சாக்பீஸை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நோட்டை மூடச் சொல்லும் வேலை எனக்கு விழுந்தது.