பிச்சிப்பூ மணந்தது

தோவாளைச் சந்தையில் பூ வாங்கி விற்கிறவன் நான். இரண்டாவது அலையில் கொரோனா பிடித்தபோது காய்ச்சலைவிட மூக்குதான் என்னைப் பயமுறுத்தியது. பிச்சிப்பூக் கூடைக்குள் முகத்தைப் புதைத்தும் பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. சந்தையில் வேறு பலருக்கும் அதே கதைதான். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது இருமினால் பக்கத்துக் கடைக்காரர் ஒரு பிடி பூவை நீட்டுவார்.

"மணக்கா?"

"மணக்கு."

பரிசோதனை முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள யாருக்கு நேரம்?

ஆரல்வாய்மொழியில் இருக்கும் என் தங்கைக்கு, கொரோனாவுக்கெல்லாம் முன்பே என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்திருந்தேன். ஊரே மெச்சியது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான், இல்லை என்றால் பொய். அந்தச் சிறுநீரகத்தை அவள் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்கினாள். தடுப்பூசிகூட அவளுக்கு மற்றவர்களைப் போலப் பலன் தராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கொரோனாக் காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பால்காரர்கூட வாசலோடு சரி.

மூன்றாவது அலை பொங்கலை ஒட்டி வந்தது. எனக்குத் தொண்டை கரகரத்தது, மூக்கு ஒழுகியது. மார்கழிப் பனியில் விடியுமுன் சந்தைக்குப் போகிறவனுக்கு இது புதிதா? நோய் ஒருமுறை வந்து போயாயிற்று, தடுப்பூசியும் இரண்டு போட்டாயிற்று. போதாததற்குப் பிச்சிப்பூ கும்மென்று மணந்தது. தங்கைக்குப் பொங்கல்படி கொண்டு போகாமல் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து எல்லாம் கட்டிக்கொண்டு போனேன்.

தங்கை மாஸ்க்கோடு வாசலில் நின்று என் மூக்கைப் பார்த்தாள்.

"என்னண்ணே, சளியா?"

"பனி மக்கா. பூவெல்லாம் நல்லா மணக்கு. ஒண்ணுமில்ல."

"பின்ன உள்ள வாங்க. சாப்பிட்டுட்டுப் போலாம்."

என் வார்த்தையை நம்பி மாஸ்க்கைக் கழற்றினாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். டாக்டர் சொல்படி உப்பைக் குறைத்துச் சமைக்கிறவள் அவள்; அவியலில் உப்பு எங்கே என்று கேலி செய்தேன். அவள் சிரித்தாள்.

என் சளி முழுக்கக் குணமாகும் முன்பே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சுத் திணறியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பரிசோதித்தார்கள். இரண்டு பேருக்கும் கொரோனா.

"எனக்கு மணம் போகலியே டாக்டர்" என்றேன், அவரிடம் வழக்காடுவதுபோல.

அவர் பொறுமையாகச் சொன்னார். வைரஸ் உடம்புக்குள் தன்னைத்தானே ஓயாமல் படியெடுக்கிறது. படியெடுப்பில் பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளால் அதற்கு லாபமில்லை. எப்போதாவது ஒரு பிழை, வைரஸின்மேல் நம் உடம்பு அடையாளம் வைத்திருக்கும் இடத்தையே மாற்றிவிடும். ஊரெல்லாம் எதிர்ப்புச் சக்தியோடு இருக்கும்போது, அதற்குப் பிடிபடாத அந்த வகைதான் மற்றவற்றை முந்திப் பரவும். வைரஸுக்குத் திட்டமும் கிடையாது, புத்தியும் கிடையாது.

"தடுப்பூசி ஒங்களப் பெரிய ஆபத்துலேர்ந்து காப்பாத்தியிருக்கு. ஆனா தொத்துறத முழுசாத் தடுக்கல. இந்த வகையில மணம் போறது கொறவு. நீங்க பழைய அடையாளத்தத் தேடியிருக்கிய" என்றார்.

அவளைப் பிழைக்க வைக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அந்த மாத்திரைகளைக் குறைத்தார்கள். வேறு வழியில்லை. நுரையீரல் தேறியது. ஆனால் விழித்துக்கொண்ட அவள் உடம்பு என் சிறுநீரகத்தின்மேல் பாய்ந்தது. உருமாறி வந்த வைரஸைத் தடுக்க முடியாத உடம்புக்கு, கூடப்பிறந்தவனின் சதை அந்நியம் என்பது மட்டும் சரியாகத் தெரிந்தது. கொடுத்தவனும் நான், கெடுத்தவனும் நான். நினைக்கும்போதெல்லாம் கூசுகிறது. மருந்துகளை மாற்றிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

இப்போது அவளை டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். என்னால்தான் என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். உடனே பேச்சை மாற்றிவிடுவாள். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன்.

போன வாரம் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளுடைய அண்ணன் சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறாராம். வாங்கிக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்றாள். தங்கை, ஊசி ஏற்றியிருந்த கையை அசைக்காமல் தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள்.

"பயப்படாண்டாம் மக்கா, வாங்கிக்க. எங்கண்ணனும் எனக்குத் தந்தாவ. நல்ல கிட்னி. நான்தான் அதப் பத்திரமாப் பாத்துக்கிடல."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன்.