எட்டாவது ராஸ்முஸ்

நான் வேலை செய்யும் டேனிஷ் பல்கலைக்கழகத்தில் காலையில் எல்லாரும் முதல் வணக்கம் சொல்வது ஓர் ஆட்டுக்கிடாய்க்கு. நான் குடியிருக்கும் டோஸ்ட்ருப்பில் ரயிலேறி வந்து, மண் பரிசோதனைக் கூடத்துக்கு நடக்கிற வழியில் அதன் பட்டி இருக்கிறது. பேராசிரியர்கள் சைக்கிளை நிறுத்தி, ராஸ்முஸ் என்று பெயர் சொல்லி, நெற்றியைத் தடவிவிட்டுப் போவார்கள். என் பெயரோ பக்கத்து மேசைக்காரருக்கு இன்னும் வாயில் நுழையவில்லை.

பட்டியைப் பார்க்கும் கிழவர் ஹென்னிங் ஒருநாள் அதன் பரம்பரைக் கதையைச் சொன்னார். நாய் வளர்க்கக் கூடாது என்று இயக்குநர் தடுத்த கோபத்தில், மாணவர்கள் முதலாவது ராஸ்முஸைக் கொண்டுவந்து கட்டினார்களாம். ஜெர்மன் படை நாட்டைப் பிடித்திருந்தபோது மூன்றாவதை இறைச்சிக்குப் போகவிடாமல் விடுதி நிலவறையில் ஒளித்து வளர்த்தார்களாம். இப்போது நிற்பது ஏழாவது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. யுத்தத்திலும் அறுந்துபோகாத ஓர் ஆட்டுப் பரம்பரை!

வன்னியில் நான் விவசாயம் படித்த இடத்திலும் ஆடுகள் நின்றன. ஷெல் விழத் தொடங்கிய நாளில் நானும் சிநேகிதி வதனியும் பட்டியைத் திறந்து அவற்றைத் துரத்திவிட்டு ஓடினோம். ஆடுகளும் திரும்பவில்லை, என் படிப்பும் திரும்பவில்லை. ஹென்னிங்கிடம், "நாங்கள் எங்கள் ஆடுகளைத் திறந்துவிட்டோம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "விடுதலை கொடுத்தீர்களா? நல்ல காரியம்" என்றார். அவரைத் திருத்த எனக்கு டேனிஷ் தெரியும், மனம்தான் வரவில்லை.

இந்த வசந்தத்தில் ஏழாவது ராஸ்முஸ் மூப்படைந்து ஒரு பண்ணைக்குப் போனது. எட்டாவதாக வந்த குட்டியை ஊர்வலத்தில் நடத்திவர, அதே பல்கலைக்கழகத்தில் மிருகவைத்தியம் படிக்கும் என் மகள் அபிநயாவைத் தெரிந்தெடுத்தார்கள். வீட்டில் அதை அவள் துள்ளித் துள்ளி டேனிஷில் சொன்னாள். படிக்கிறதை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போகிறாயோ என்று கேட்டேன்.

அவள் தமிழுக்கு மாறினாள். "அம்மா, உங்களுக்கு என்னிலை எரிச்சலோ?"

"ஓம்" என்றேன். "கொஞ்சம்."

ஊர்வலத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

போனேன். புல்வெளி நிறையச் சனம். மகள் குட்டியின் கயிற்றைப் பிடித்தபடி படியில் ஏறி, "வோரஸ் ராஸ்முஸ்" என்றாள். எங்கள் ராஸ்முஸ். எழுத்துத் தமிழில் எமது என்றால் கேட்பவர் வெளியே, நமது என்றால் அவரும் உள்ளே. டேனிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவள் எதைச் சொன்னாள் என்று தெரியாமல் நின்றேன். இந்த நாட்டில் நான் ஒருமுறையும் சொல்லிப் பார்க்காத சொல் அது.

எல்லாரும் சேர்ந்து பாடிய பாட்டு முடிந்ததும் அபிநயா ஓடிவந்து, "பிடியுங்கோ அம்மா" என்று கயிற்றை என் கையில் தந்துவிட்டுத் தோழிகளிடம் போனாள். குட்டி அவளை நோக்கி இழுத்தது. நான் கூட்டத்துக்குள் போகவும் இல்லை, கயிற்றை விடவும் இல்லை. குட்டி இழுத்த இழுப்பில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, புல்வெளியின் ஓரத்தில் நின்றேன்.